பிளேட்லெட்டைத் தடுக்கணும், உசுப்பிவிடக் கூடாது

இந்த மாசம் தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலருந்தும் வந்த கேள்விகள்ல பெரும்பாலும் ஸ்டென்ட் வெச்சவங்க சாப்பிடற மாத்திரையைப் பத்தியே இருந்துச்சு. அதனால மத்த கேள்விகளை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். ஒண்ணு ரெண்டு பதில் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

கேள்வி: டாக்டர் சார், எனக்கு 54 வயசு, பாலக்கோட்டுல தக்காளி மண்டி வெச்சிருக்கேன். ஆறு மாசம் முன்ன மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வெச்சாங்க, ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சாப்பிட்டுட்டு வர்றேன். இப்பல்லாம் கூடையைத் தூக்குனாவே கையில நீலமா கன்னிப்போவுது, பல்லு விளக்குனா ரத்தம் வருது. பக்கத்துக் கடைக்காரர் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கன்றாரு. நிறுத்தலாமா? ரத்தம் கட்டவும் கூடாது, ஒழுகவும் கூடாது, அப்படி ஒரு மாத்திரையை ஏன் இன்னும் யாரும் கண்டுபிடிக்கல?

நிறுத்தாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

ஸ்டென்ட்ங்கறது ரத்தக்குழாய்க்குள்ள இருக்கற ஒரு உலோக வலைங்க, அது மேல நம்ம உடம்போட உள்தோல் வளந்து மூடற வரைக்கும், ரத்தத்தைக் கட்ட வைக்கற சின்னச் சின்ன அணுவான பிளேட்லெட்டுக்கு அது அந்நியப் பொருள்தான், ஒட்டிக்கிட்டே இருக்கும். ரெண்டு மாத்திரைல ஒண்ணை நீங்களா நிறுத்தி ஸ்டென்ட் திடீர்னு அடைச்சுக்கிச்சுன்னா அது மறுபடியும் ஒரு மாரடைப்பு, அதுல உயிர் போறவங்க நிறைய பேரு. மாரடைப்புக்கு அப்புறம் ரெண்டு மாத்திரையும் பொதுவா 12 மாசம் குடுப்பாங்க, ரத்தக்கசிவு அபாயம் அதிகமா இருக்கறவங்களுக்கு அதை முன்னாடியே குறைக்கறதும் உண்டு, ஆனா அதை முடிவு பண்ண வேண்டியவர் ஸ்டென்ட் வெச்ச டாக்டர், பக்கத்துக் கடைக்காரர் இல்ல. கன்னிப்போறதும் ஈறுல கொஞ்சம் ரத்தம் வர்றதும் இந்த மாத்திரைல எதிர்பாக்கறதுதான், அடுத்த தடவை போறப்ப சொல்லுங்க, போதும். மலம் தார் நிறத்துல கறுப்பாப் போனா, சிறுநீர்ல ரத்தம் வந்தா, மூக்குல ரத்தம் நிக்காம வந்தா, திடீர்னு தாங்க முடியாத தலைவலி வந்தா, அப்ப ஒரு மணி நேரம் கூடக் காத்திருக்காம கிளம்பிடணும். பிபியையும் கட்டுக்குள்ள வெச்சுக்கங்க, ஏன்னா இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு மூளைல ரத்தம் கசியறதுக்கு ஏறுன பிபி ஒரு பெரிய காரணம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டமே 2021ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளிலதான் தொடங்குச்சு, பிபி மாத்திரை வீட்டுக்கே வருது, விட்டுறாதீங்க.

இப்ப ரெண்டாவது கேள்வி, ஏன் அப்படி ஒரு மாத்திரை இல்லன்னு. நியாயமான கேள்விங்க, கடந்த 40 வருஷமா உலகத்துல பெரிய பெரிய லேப்ல கேட்டுட்டு இருக்கறதும் இதேதான்.

நம்ம ரத்தத்துல ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்துலருந்து நாலரை லட்சம் பிளேட்லெட் இருக்கு, ஒவ்வொண்ணும் 7லருந்து 10 நாள் உயிரோட இருக்கும். கத்தி பட்டு விரல் அறுந்தா அடைக்கறதும் அதுதான், இதயத்துக் குழாய்ல கொழுப்புப் படிவம் வெடிச்சா அங்க போய்க் குவிஞ்சு மாரடைப்பைக் கொண்டு வர்றதும் அதேதான். இந்த வேலைக்கு ஒரு பிளேட்லெட்டு அந்த வேலைக்கு ஒரு பிளேட்லெட்டுன்னு கிடையாது. பிளேட்லெட் மேல விதவிதமா ரிசெப்டர் இருக்கும், ரிசெப்டர்னா வெளில வர்ற சேதியை வாங்கிக்கற புரதம்னு வெச்சுக்கங்க. அடிபட்ட இடத்துல வெளில தெரியற கொலாஜன்ங்கற புரதத்தைக் கண்டுபிடிக்க ஒண்ணு, ரத்தத்தை உறைய வைக்கற த்ரோம்பின்ங்கற என்சைமுக்கு ஒண்ணு, பக்கத்துப் பிளேட்லெட் விடற ஏடிபிங்கற பொருளுக்கு ஒண்ணு. ஏடிபிக்கான ரிசெப்டரோட பேரு பி2ஒய்12, உங்க க்ளோபிடோக்ரல் அடைக்கறது அதைத்தான். ஆஸ்பிரின் ரிசெப்டர் எதையும் தொடாது, பிளேட்லெட்டுக்குள்ள இருக்கற ஒரு என்சைமை நிரந்தரமா முடக்கிரும், அது எப்படி வேலை செய்யுதுன்னு 1971ல ஜான் வேன் கண்டுபிடிச்சாரு, 1982ல நோபல் பரிசு வாங்குனாரு.

எந்தச் சேதி வந்தாலும் கடைசில பிளேட்லெட்டும் பிளேட்லெட்டும் கோத்துக்கறது ஒரே ஒரு ரிசெப்டர் வழியாத்தான், ஆல்ஃபா டூபி பீட்டா த்ரீன்னு பேரு, பழைய புத்தகங்கள்ல ஜிபி டூபி த்ரீஏன்னு போட்டிருக்கும். ஒவ்வொரு பிளேட்லெட் மேலயும் இது கிட்டத்தட்ட 80,000 இருக்கு. ரத்தத்துல ஓடற ஃபைப்ரினோஜென்னு ஒரு நீளமான புரதத்தோட ஒரு முனையை இந்தப் பிளேட்லெட் பிடிக்கும், இன்னொரு முனையை அந்தப் பிளேட்லெட் பிடிக்கும், அப்படியே லட்சக்கணக்குல சேந்து கட்டி ஆயிரும். அந்தக் கடைசிக் கதவை அடைச்சா கட்டற வேலையே நின்னுரும், அடைச்ச அளவுக்கு ஒழுகற ஆபத்தும் கூடும். சேதி வாங்கற ரிசெப்டர் ஒண்ணை மட்டும் அடைச்சா மத்த வழி பாக்கி இருக்கும், அதனால ரத்தக்கசிவு குறைவு, ஆனா பாதுகாப்பும் கொஞ்சம் குறைவு. இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கறதுன்றதுதான் இந்த மருந்துகளோட மொத்தக் கதையும்.

கேள்வி: சார், எங்க ஊர் அரூர் பக்கம், பாறைக் காடு. சுருட்டை விரியன் நிறைய. அந்தப் பாம்போட விஷத்துலருந்துதான் ஹார்ட் அட்டாக்குக்கு மருந்து எடுக்கறாங்கன்னு என் தம்பி சொல்றான். நிஜமா?

நிஜம்தான், ஆனா பாதி நிஜம். மருந்துல விஷம் கிடையாது. சுருட்டை விரியனோட விஷத்துல எக்கிஸ்டாட்டின்னு ஒரு சின்னப் புரதம் இருக்கு. அதுல ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்டிக் ஆசிட் அப்படின்னு மூணு அமினோ அமிலம் வரிசையா நிக்கும், ஃபைப்ரினோஜென்லயும் அதே மூணு உண்டு. நான் மேல சொன்ன கடைசிக் கதவு ரிசெப்டர்ல அந்த மூணும் போய் உக்காந்துரும், உக்காந்துட்டா ஃபைப்ரினோஜெனுக்கு இடமில்ல, ரத்தம் கட்டாது. கடிபட்டவங்களுக்கு ரத்தம் நிக்காமப் போறதுக்கு இது ஒரு சின்னக் காரணம்தான், பெரிய காரணம் வேற, விஷத்துல இருக்கற இன்னொரு பொருள் ரத்தத்தை உறைய வைக்கற சரக்கையெல்லாம் வீணா செலவழிச்சுத் தீத்துரும்.

எக்கிஸ்டாட்டினோட அந்த மூணு அமினோ அமில வடிவத்தைப் பாத்து அதே அளவுக்கு ஒரு சின்ன மூலக்கூறை லேப்ல செஞ்சாங்க, அதுதான் டைரோஃபிபன். அமெரிக்காவுல இருக்கற ஒரு குட்டி கிலுகிலுப்பைப் பாம்போட விஷத்துலருந்து யோசனை எடுத்துச் செஞ்சது எப்டிஃபிபடைட். ரெண்டுக்கும் 1998ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. நம்ம நாட்டுலயும் கேத் லேப்ல, அதாவது ஆஞ்சியோ பண்ற அறைல, ஸ்டென்ட் வைக்கறப்ப கட்டி பெருசா இருந்தா டிரிப்ஸ்ல ஏத்தறது இதைத்தாங்க. அரூர் பாறைக்கு அடியில சுருண்டு கிடக்கற ஒரு பாம்பு எத்தனையோ இதயத்தைக் காப்பாத்தியிருக்குன்னு நெனச்சா எனக்கு ஆச்சரியமாத்தான் இருக்கு.

இதைப் படிச்சுட்டு யாரும் பாம்பைத் தேடிப் போகாதீங்க. கடிச்சா கயிறு இறுக்கிக் கட்டாம, கீறாம, பச்சிலை வெச்சு நேரத்தை ஓட்டாம, கை கால் ஆட்டாம நேரா அரசு ஆஸ்பத்திரி. ஒரு கண்ணாடிக் குழாய்ல ரத்தத்தை எடுத்து 20 நிமிஷம் அசைக்காம வெச்சு உறையுதான்னு பாப்பாங்க, உறையலன்னா விஷமுறிவு மருந்து ஏத்துவாங்க.

கேள்வி: வணக்கம் சார், நான் ஊத்தங்கரை, பி.ஃபார்ம் மூணாம் வருஷம். ஜிபி டூபி த்ரீஏ மருந்தை மாத்திரையா குடுத்தப்ப இறப்பு அதிகமாச்சுன்னு கிளாஸ்ல சொன்னாங்க. அடைக்கற மருந்து எப்படி சார் கட்டியை அதிகமாக்கும்? புரியவே இல்ல.

தம்பி, இந்த மாசம் வந்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான்.

டிரிப்ஸ்ல நல்லா வேலை செஞ்சதைப் பாத்துட்டு, இதையே தினமும் சாப்பிடற மாத்திரையாக் குடுத்தா மாரடைப்பு வராமலே தடுக்கலாமேன்னு கம்பெனிகள் இறங்குனாங்க. சிமிலோஃபிபன், ஆர்போஃபிபன், சிப்ராஃபிபன், லோட்ராஃபிபன்னு வரிசையா வந்துச்சு. முதல் மூணு மருந்தை வெச்சு நாலு பெரிய சோதனை, 33,000 பேருக்கு மேல. 2001ல அதையெல்லாம் கூட்டிப் பாத்தப்ப மாத்திரை சாப்பிட்டவங்கள்ல சாவு 30 சதவீதத்துக்கு மேல கூடுதலா இருந்துச்சு. ரத்தக்கசிவும் கூடிச்சு, ஆனா அந்தச் சாவையெல்லாம் அதை மட்டும் வெச்சு விளக்க முடியல. ஒரு மருந்துக் குடும்பமே அதோட மூடிக்கிச்சு.

ஏன்னு புரியணும்னா அந்த ரிசெப்டரோட உடம்பைப் பாக்கணும். ஆல்ஃபா டூபி பீட்டா த்ரீ சும்மா இருக்கறப்ப ஒரு ஆள் குத்த வெச்சு, தலையைக் கவுத்துட்டு, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கற மாதிரி மடங்கியே இருக்கும், ஃபைப்ரினோஜென் பக்கத்துல போனாலும் பிடிக்காது. உள்ள இருந்து சேதி வந்தா எந்திரிச்சு நின்னு கையை விரிச்சுரும், அப்பத்தான் பிடிக்கும். இந்த மடங்கறது, நிமிர்றது எல்லாத்தையும் படிகமாக்கி எக்ஸ்ரேவுலயும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்லயும் பாத்திருக்காங்க, ஹார்வர்டுல இருக்கற டிமோத்தி ஸ்பிரிங்கரோட குழுவுக்கு அதுல பெரிய பங்கு.

இப்ப டைரோஃபிபனோ அந்தப் பழைய மாத்திரையோ போய் உக்காரறப்ப என்ன ஆகுதுன்னா, அது ஃபைப்ரினோஜெனோட வடிவத்தைப் பாத்துச் செஞ்சதுதானே, அதனால ரிசெப்டர் அதை ஃபைப்ரினோஜென்னே நெனச்சுக்கிட்டு எந்திரிச்சு விரிஞ்சுருது. மருந்து உள்ள இருக்கற வரைக்கும் பரவால்ல, இடம் அடைபட்டிருக்கு. ஆனா மாத்திரைன்னா ரத்தத்துல அளவு ஏறும் இறங்கும், அடுத்த வேளைக்கு முன்னாடி அளவு இறங்கறப்ப மருந்து கழண்டுரும், அது கழண்ட அந்த நொடில ரிசெப்டர் விரிஞ்ச கையோட இருக்கும், பக்கத்துல ஓடற ஃபைப்ரினோஜெனை டக்குனு பிடிச்சுக்கும். அடைக்க வந்தது உசுப்பி விட்டுட்டுப் போயிருச்சு. சாவு கூடுனதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்னு நிறைய பேரு நம்பறாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது.

இன்னொரு பிரச்சனையும் அதே இடத்துலருந்துதான் வருது. ரிசெப்டர் விரிஞ்சா அதுவரைக்கும் உள்ள மறைஞ்சிருந்த பகுதி வெளில தெரியும். சில பேரு ரத்தத்துல அந்தப் பகுதியை அந்நியம்னு நெனச்சுத் தாக்கற ஆன்டிபாடி ஏற்கனவே இருக்கும், மருந்து ஏத்துன சில மணி நேரத்துலயே பிளேட்லெட் எண்ணிக்கை சரசரன்னு சரிஞ்சுரும். ரெண்டு லட்சம் இருந்தது இருபதாயிரத்துக்குக் கூட வரலாம். நூத்துல ஒருத்தருக்குக் கூட இவ்வளவு மோசமா வர்றது அபூர்வம்தான், ஆனா வந்தவங்களுக்கு அது பெரிய அபாயம், அதனாலதான் இந்த மருந்து ஏத்துனா கொஞ்ச நேரத்துலயே கவுன்ட் எடுத்துப் பாக்கறாங்க.

அப்ப பாதுகாப்பான மருந்துன்னா என்ன? இத்தனை நாளா எவ்வளவு இறுக்கமா ஒட்டுதுன்னு மட்டும் அளந்துட்டு இருந்தாங்க, ஒட்டுனதுக்கு அப்புறம் ரிசெப்டர் எந்த நிலைல இருக்குன்றதைப் பாக்கல. உக்காந்த ஆளை உக்காந்தபடியே வெச்சு அடைக்கணும். இதுக்குப் பல வருஷம் மெனக்கெட்டவரு நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துல இருக்கற பாரி காலர். 1994ல அனுமதி கிடைச்ச ஆப்சிக்ஸிமாப், அதாவது இந்த ரிசெப்டரை அடைச்ச முதல் மருந்து, அதுக்கு அடிப்படையான ஆன்டிபாடியை உருவாக்குனவரும் இவருதான். தான் கொண்டு வந்த மருந்தோட குறையைச் சரி பண்ண அவரே மறுபடியும் ஆரம்பத்துலருந்து தொடங்கி ஆயிரக்கணக்கான மூலக்கூறை வடிகட்டிப் பாத்தாரு, அதை நான் ரொம்ப மதிக்கறேன்.

வேதியியல் பக்கம் வந்தா விஷயம் இன்னும் அழகு. மருந்து உக்காரற இடத்துல ஒரு மெக்னீசியம் அயனி இருக்கு. பழைய மருந்துகளோட அமில முனை, கார்பாக்சில்னு உனக்குத் தெரியும், அது நேரா போய் அந்த மெக்னீசியத்தைப் பிடிக்கும், பிடிச்சு இழுக்கறப்பத்தான் ரிசெப்டரோட பீட்டா த்ரீ பாதில வளையம் மாதிரி இருக்கற ஒரு பகுதி நகந்து மொத்த ரிசெப்டரும் விரியத் தொடங்குது. காலரோட வரிசைல வந்த ஒரு மூலக்கூறு மெக்னீசியத்தையே இடத்தை விட்டுக் கிளப்பிட்டு உக்காந்துச்சு, ரிசெப்டர் அசையவே இல்ல, 2012ல அந்தக் கட்டமைப்பு வெளியாச்சு. அப்புறம் 2022ல ஸ்பிரிங்கர் குழு இன்னொரு விஷயத்தைக் கவனிச்சாங்க. மடங்கியிருக்கற நிலைல மெக்னீசியத்துக்கும் அந்த வளையத்துல இருக்கற செரீன்ங்கற ஒரு அமினோ அமிலத்துக்கும் நடுவுல ஒரே ஒரு தண்ணி மூலக்கூறு இருக்கு, விரியணும்னா அது வெளியேறியாகணும். அந்தத் தண்ணியை ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுப் பிடிச்சு வெச்சுக்கற மாதிரி மருந்துல ஒரு நைட்ரஜன் அணுவைச் சரியான இடத்துல வெச்சா, ரிசெப்டர் விரிய முடியாது. ஒரு தண்ணி மூலக்கூறு, ஒரு நைட்ரஜன் அணு, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ரிசெப்டரோட குடும்பத்துக்கு இன்டெக்ரின்னு பேரு, இதே வித்தை அந்தக் குடும்பத்துல வேற சிலதுலயும் பலிக்குதுன்னு காட்டியிருக்காங்க, அதனால இது பிளேட்லெட்டோட நிக்கற விஷயம் இல்ல.

ஒண்ணு மட்டும் மறந்துறாத. ரிசெப்டரை உசுப்பாத மருந்துன்னா ரத்தக்கசிவே வராத மருந்துன்னு அர்த்தம் இல்ல. அடைச்சா அடைச்சதுதான், ஒழுகற ஆபத்து இருக்கும். உசுப்பறதால வர்ற கூடுதல் தொல்லை மட்டும்தான் போகும். இதைக் கலந்து எழுதுனா பரீட்சைலயும் மார்க் போயிரும், நாளைக்கு மருந்துக் கடைல நிக்கறப்ப ஆளுக்கும் ஆபத்து.

கேள்வி: டாக்டர், நான் அஞ்செட்டி பக்கம் மலை கிராமத்துல டீச்சரா இருக்கேன். இங்கருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ரெண்டு மணி நேரம் ஆவுது. மாரடைப்பு வந்தா ஆம்புலன்ஸ்லயே போடற ஊசி எதுவும் வராதா?

வந்துட்டே இருக்குங்கம்மா. மேல சொன்ன காலரோட வேலைலருந்து வந்த மருந்தோட பேரு ஸலுன்ஃபிபன். தோலுக்கு அடில போடற ஒரே ஊசி, டிரிப்ஸ் வேண்டாம், பம்ப் வேண்டாம், சுமார் 15 நிமிஷத்துல பிளேட்லெட்டைத் தடுத்துரும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள வேகம் குறைஞ்சுரும். அந்தக் குறுகிய நேரம்தான் இதோட பலமே, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் காப்பாத்தணும், அதுக்கு மேல ரத்தக்கசிவு அபாயத்தைச் சுமக்க வேண்டியதில்ல. 2,400 பேருக்கு மேல மாரடைப்பு நோயாளிகளை வெச்சு நடந்த பெரிய சோதனையோட முடிவு 2025 நவம்பர்ல வந்துச்சு, ஊசி போட்டவங்களுக்கு மொத்தத்துல நிலைமை மேல். கடுமையான ரத்தக்கசிவு குறிப்பிடற அளவுக்குக் கூடல, ஆனா சின்ன, நடுத்தர ரத்தக்கசிவு கூடிச்சு. நம்ம ஊர் ஆம்புலன்சுக்கு இன்னும் வரல.

செலாடோக்ரல்னு இன்னொண்ணு இருக்கு, அது பி2ஒய்12 அடைக்கறது. ஏற்கனவே ஒரு தடவை மாரடைப்பு வந்தவங்க கையில குடுத்து வெச்சு, மறுபடியும் வலி வந்தா தானே தொடைலயோ வயித்துலயோ குத்திக்கிட்டு ஆம்புலன்சைக் கூப்பிடணும்னு திட்டம், மூணாம் கட்ட சோதனைல இருக்கு. உங்க மலைக்கு இது வந்தா எவ்வளவு பெரிய உதவி, நான் ரொம்ப எதிர்பாத்துட்டு இருக்கறது இதைத்தான். ஆனா நெஞ்செரிச்சலுக்கெல்லாம் பயந்து குத்திக்கிட்டா என்ன ஆகும்னும் பாக்கணும், அதுக்குத்தான் சோதனை.

அதுவரைக்கும் கையில இருக்கறதைப் பயன்படுத்துங்க. இதயம் காப்போம் திட்டத்துல 2023லருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கற அட்டோர்வாஸ்டாட்டின் சேத்து முதல் டோஸ் குடுக்கறாங்க. நடு நெஞ்சுல அழுத்தம், இடது கை, தாடை வலி, வேர்வை கொட்டுதுன்னா முதல்ல 108க்குப் போன், பக்கத்துல எந்த நிலையம் இருக்கோ அங்க அந்த டோஸ், வசதி இருந்தா ஈசிஜியும், அப்புறம் அங்கருந்து பெரிய ஆஸ்பத்திரி. உங்க பள்ளிக்கூடத்துல இதை ஒரு சார்ட்ல எழுதி ஒட்டி வைங்க, பசங்க வீட்ல போய்ச் சொல்லுவாங்க.

கேள்வி: எங்கம்மாவுக்கு க்ளோபிடோக்ரல் குடுத்திருக்காங்க, கூடவே கேஸ் மாத்திரை ஓமெப்ரசோல் மெடிக்கல்ல வாங்கிச் சாப்பிடறாங்க. ரெண்டும் ஒத்துக்காதுன்னு ஒருத்தர் சொல்றாரு. (காவேரிப்பட்டணம்)

அவர் சொன்னது சரிதாங்க. க்ளோபிடோக்ரல் அப்படியே வேலை செய்யாது, கல்லீரல்ல போய் மாறுனாத்தான் மருந்து. சாப்பிட்டதுல பெரும்பகுதி, ஏறக்குறைய 85 சதவீதம், வேற வழில வீணாப் போயிரும், மிச்சம்தான் ரெண்டு படில மாறி பி2ஒய்12ஐப் பிடிக்கும். அந்த மாத்தற வேலைல சிஒய்பி2சி19னு ஒரு என்சைமுக்கு முக்கியப் பங்கு, ஓமெப்ரசோலும் ஈசோமெப்ரசோலும் அதைத்தான் தடுக்குது. அமில மாத்திரை தேவைன்னா பான்டோபிரசோலுக்கு மாத்திக் குடுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க, அதுல இந்தத் தொல்லை குறைவு. அமில மாத்திரையே வேண்டாம்னு நிறுத்திறாதீங்க, வயசானவங்களுக்கு வயித்துல ரத்தம் கசியாம அது காப்பாத்துது.

இதுலயே இன்னொரு சங்கதி இருக்கு. அந்த என்சைம் பிறவிலயே சரியா வேலை செய்யாத மரபணு இந்தியர்கள்ல நிறைய பேருக்கு இருக்கு, வெள்ளைக்காரங்களை விட நம்மகிட்ட அதிகம். அவங்களுக்கு க்ளோபிடோக்ரல் பலன் குறையும்னு 2010லயே அமெரிக்க மருந்துத் துறை கட்டம் போட்டு எச்சரிக்கை குடுத்துச்சு. அதனாலதான் மருந்து வடிவமைக்கறவங்க கல்லீரலை நம்பாத மூலக்கூறைத் தேடுனாங்க, பி2ஒய்12ஐ அடைக்கற டிகாக்ரெலர் அப்படி வந்ததுதான். அதே ரிசெப்டரை அடைக்கற பிரசுக்ரலும் கல்லீரல்ல மாறணும், ஆனா அந்த ஒரு என்சைமை நம்பி இல்ல. பிரசுக்ரல் பலமான மருந்துங்க, ஏற்கனவே பக்கவாதம் வந்தவங்களுக்குக் குடுக்கவே கூடாது, 75 வயசு தாண்டுனவங்க, 60 கிலோவுக்குக் கீழ எடை இருக்கறவங்க கவனமா இருக்கணும். நம்ம பக்கம் காட்டு வேலை செய்யற வயசான அம்மாக்கள்ல 60 கிலோ இருக்கறவங்களே குறைவு, அதனால மருந்துச் சீட்டுல இந்தப் பேரைப் பாத்தா எடையைச் சொல்லிக் கேட்டுக்கங்க.

கேள்வி: அப்பாவுக்கு டிகாக்ரெலர் ஆரம்பிச்சதுலருந்து மூச்சு வாங்குதுன்றாரு, எக்கோ நார்மல். பர்கூர்லருந்து எழுதறேன்.

அந்த மாத்திரையோட தெரிஞ்ச பக்கவிளைவு அது. 18,000 பேருக்கு மேல வெச்சு நடந்து 2009ல முடிவு வந்த சோதனைல டிகாக்ரெலர் சாப்பிட்டவங்கள்ல நூத்துக்கு 14 பேரு கிட்ட மூச்சு வாங்குதுன்னு சொன்னாங்க, பெரும்பாலும் லேசானது, கொஞ்ச நாள்ல தானா சரியாகும். நிறுத்தாம டாக்டரைப் பாருங்க, இதயமும் நுரையீரலும் நல்லாயிருக்குன்னு உறுதியாகி, அப்பவும் தாங்கலன்னா வேற மாத்திரைக்கு முறையா மாத்துவாங்க. இது ரிசெப்டரை விட்டுக் கழண்டு போற மருந்து, அதனாலதான் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ராத்திரி வேளையை மறந்தா காலைல பாதுகாப்பு குறைஞ்சிருக்கும். கூடச் சாப்பிடற ஆஸ்பிரின் 100 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது, அட்டையைப் பாருங்க.

கேள்வி: சார், பென்னாகரத்துலருந்து எழுதறேன். எங்கக்கா பொண்ணையே என் தம்பிக்குக் கட்டி வெச்சோம். அவங்க குழந்தைக்கு நாலு வயசு, மூக்குல ரத்தம் வந்தா நிக்க மாட்டேங்குது, பிளேட்லெட் கவுன்ட் நார்மல்னு சொல்றாங்க. பெரிய ஆஸ்பத்திரில கிளான்ஸ்மேன்னு எழுதிக் குடுத்தாங்க. இது என்ன, சொந்தத்துல கட்டுனதாலயா?

மனசைத் தளர விடாதீங்க, இது பாத்துக்கக் கூடிய வியாதி. 1918ல சுவிட்சர்லாந்து டாக்டர் எட்வர்ட் கிளான்ஸ்மேன் முதல்ல எழுதி வெச்சது. பிளேட்லெட் எண்ணிக்கை சரியா இருக்கும், ஆனா மேல நான் சொல்லிட்டே வர்ற அந்தக் கடைசிக் கதவு ரிசெப்டர் பிறவிலயே இருக்காது, இல்லன்னா வேலை செய்யாது. அப்பா அம்மா ரெண்டு பேருகிட்டருந்தும் பழுதான மரபணு வந்தாத்தான் குழந்தைக்கு வரும், ஒரு பக்கம் மட்டும் வந்தா ஒண்ணும் தெரியாது. நெருங்குன சொந்தத்துல கட்டறப்ப ரெண்டு பேருகிட்டயும் ஒரே பழுது இருக்கற வாய்ப்பு கூடும், அதனால ஆமாங்க, தொடர்பு உண்டு. ஆனா யாரையும் குத்தம் சொல்ற விஷயம் இல்ல, முக்கியமா அந்தப் பொண்ணை வீட்ல யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, ரெண்டு பக்கத்துலருந்தும்தான் வந்திருக்கு. அடுத்த குழந்தைக்கு வர்றதுக்கு நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, முன்கூட்டியே மரபணு ஆலோசனை கேளுங்க, வேலூர் சிஎம்சில இந்த மாதிரி ரத்த நோய்களுக்குன்னே நல்ல துறை இருக்கு.

குழந்தைக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது, காய்ச்சல்னா பாரசிட்டமால் மட்டும். தசைல போடற ஊசியைத் தவிர்க்கணும், தடுப்பூசி போடறப்ப முன்னாடியே சொல்லிடுங்க. பல்லைச் சுத்தமா வெச்சுக்கணும், ஈறு வீங்குனா அங்கதான் ரத்தம் கசியும். மூக்குல வந்தா குனிஞ்சு உக்கார வெச்சு மூக்கோட மெத்துப் பகுதியை 10 நிமிஷம் விடாமப் பிடிங்க, நிக்கலன்னா ஆஸ்பத்திரி, ரத்தம் ஒழுகறதை நிறுத்தற ட்ரனெக்ஸாமிக் ஆசிட் குடுப்பாங்க, தேவைப்பட்டா பிளேட்லெட் ஏத்துவாங்க. வியாதி பேரை எழுதி ஒரு அட்டையை லேமினேட் பண்ணி குழந்தை பைல வைங்க, பள்ளிக்கூடத்துலயும் ஒண்ணு குடுங்க. பொண்ணு குழந்தைன்னா வயசுக்கு வர்றப்ப ரத்தப்போக்கு அதிகமாகும், அதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி வெச்சுக்கணும்.

இதையும் உங்களுக்குச் சொல்லணும். இன்னைக்குக் கேத் லேப்ல ஏத்தற இந்த மருந்தெல்லாம் வந்ததுக்கு இந்தக் குழந்தைகளும் ஒரு காரணம். அந்த ஒரு ரிசெப்டர் இல்லாததாலதான் இவங்க பிளேட்லெட் ஒட்டலன்னு புரிஞ்ச பிறகுதான், அதையே கொஞ்ச நேரம் அடைச்சா மாரடைப்பைத் தடுக்கலாமேன்னு யோசனை வலுத்துச்சு. அப்பா அம்மாவுக்கு அந்த ரிசெப்டர் பாதிதான் இருக்கும், ஆனா அவங்களுக்கு ரத்தம் ஒழுகாது, பாதி அடைச்சா ஒண்ணும் ஆகாது, பாதிக்கு ரொம்ப மேல அடைச்சாத்தான் மருந்து வேலை செய்யும்னு கணக்குப் புரிஞ்சதுக்கும் இது உதவிச்சு.

கேள்வி: டெங்குல பிளேட்லெட் குறைஞ்சா பப்பாளி இலைச் சாறு குடிக்கலாமா? நான் ஸ்டென்ட் மாத்திரை சாப்பிடறவன். (காரிமங்கலம்)

சாறை நம்பி வீட்ல இருக்காதீங்க. ஸ்டென்ட் மாத்திரையோட டெங்குவும் சேந்தா ரெண்டு பக்கமும் ஆபத்து, கவுன்டைத் தினமும் பாத்து எந்த மாத்திரையை எப்ப நிறுத்தறது, எப்ப மறுபடியும் தொடங்கறதுன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி மட்டும் போட்டுக்காதீங்க.

கேள்வி: சார், ஊத்தங்கரை பி.ஃபார்ம்லருந்தே இன்னொரு கேள்வி, இது நானும் என் ஃபிரண்டும் சேந்து கேக்கறது. இந்த மருந்து வடிவமைக்கற வேலைக்கு நாங்க போக முடியுமா? இங்க காலேஜ்ல அவ்வளவு வசதி இல்ல.

போலாம். எம்.ஃபார்ம் சேர்றதுக்கான ஜிபேட் தேர்வை எழுதுங்க, அதுல பாஸ் ஆனா நைப்பர்ங்கற மத்திய அரசு மருந்தியல் கல்வி நிறுவனத்தோட நுழைவுத் தேர்வு எழுதலாம், மெடிசினல் கெமிஸ்ட்ரியோ ஃபார்மகோஇன்ஃபர்மேட்டிக்ஸோ எடுங்க. அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், புரதங்களோட வடிவத்தைச் சேத்து வெச்சிருக்கற புரோட்டீன் டேட்டா பேங்க்ங்கற இணையதளத்துல இந்த ரிசெப்டரோட கட்டமைப்பெல்லாம் இலவசமாக் கிடக்கு, டைரோஃபிபன் உக்காந்திருக்கறதும் இருக்கு, புது மூலக்கூறு உக்காந்திருக்கறதும் இருக்கு. கைமெராஎக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர், படிக்கறவங்களுக்கு காசில்ல, சாதா லேப்டாப்ல ஓடும். ரெண்டு கட்டமைப்பையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, மெக்னீசியம் எங்க இருக்கு, அந்தத் தண்ணி மூலக்கூறு எதுல இருக்கு, எதுல இல்லன்னு தேடிப் பாருங்க. தேடறப்ப ஒரு மூலக்கூறுல நைட்ரஜனை வேற இடத்துக்கு நகத்துனா என்ன ஆகும்னு உங்களுக்கே கேள்வி வரும், அதை எழுதி அனுப்புங்க, அடுத்த மாசம் அதையே எடுத்துப் பேசலாம்.